முத்திரை மோதிரம் இல்லாத அதிகாரி

பதினோரு மணிக்குக் கல்வி அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்தரையிலிருந்தே ஃபஸீலா டீச்சருக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரும்பலகைக்கும் ஜன்னலுக்குமாக அவர் நடந்த நடையை நீட்டிப் போட்டால் பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை போயிருக்கலாம். கையிலிருந்த சாக்பீஸ் ஏழு துண்டாகியிருந்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் பழைய செய்யுள் நாடகம் நடத்தி வந்தார் டீச்சர். பிள்ளைகள் அதை உணர்ந்து பேசுவதை அதிகாரி கண்ணால் பார்த்தால் பீரியட் தங்கும். இல்லாவிட்டால் கணக்குக்குப் போய்விடும். கணக்கு வாத்தியார் செல்வகுமார் காலையிலேயே காம்பஸோடு வராந்தாவில் உலாத்த ஆரம்பித்துவிட்டார்.

முன்பெல்லாம் டீச்சர் பதவுரை சொல்லித்தான் நடத்தினார். மூன்றாம் வரிசையில் கிளம்பிய கொட்டாவி கடைசி வரிசைக்குப் போய், ஜன்னல் வழியே இறங்கி, ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரைத் தொற்றியது. அவர் சென்னீர்குப்பத்தில் இறங்க வேண்டியவர்களைப் பாடியில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் புது முறை: அவரவர் பாத்திரமாகவே இருக்க வேண்டும், வசனத்தை அதற்குரிய இடத்தில் நின்று பழக வேண்டும். "நான் சொல்ற வரைக்கும் வேஷம் கலையக் கூடாது" என்று கண்டிப்பு வேறு. ராணி வேடக்காரி சிம்ரன் அன்றே கேன்டீனில், "சமோசா கொணர்க" என்றாள். கொணர்ந்தார்கள்.

மணி பதினொன்று இருபது. அதிகாரியைக் காணோம்.

"இன்னா மிஸ், நடந்துகினே கீறீங்க? எங்களுக்குத் தல சுத்துது" என்றான் மந்திரி தினேஷ்.

"சும்மா இருடா. ராணி, மந்திரி, வாயிற்காவலன்..." எண்ணிக்கொண்டே வந்த டீச்சரின் விரல் நின்றது. "சாஹில் எங்கே?"

"கேட்டாண்ட கீறான் மிஸ். பிரேயர் முடிஞ்சதும் நீங்கதானே நிக்க வச்சீங்க?"

டீச்சர் சாக்பீஸ் துண்டுகளைக் கீழே போட்டார். நிற்க வைத்தவர், வேஷத்தைக் கலைக்கச் சொல்ல மறந்திருந்தார். படிகளில் மூன்று மூன்றாகத் தாவினார். வகுப்பே பின்னால் ஓடியது.

கேட்டுக்கு வெளியே வெயிலில் அதிகாரி. உள்ளே கம்போடு சாஹில். நிஜ வாட்ச்மேன் நாகப்பன், நம்பகமான ஆள் நிற்கிற தைரியத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்.

"இருபது நிமிஷமா அடையாள அட்டையக் காட்டுறேம்மா!" என்றார் அதிகாரி.

"முத்திரை மோதிரம் காட்டாதவன் அரசனே ஆயினும் அயலான்!" என்று முழங்கிய சாஹில், குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனச்சிக்காதீங்க சார். மிஸ் சொன்னாத்தான் வுடுவேன்" என்றான்.

'விடு' என்று ஒரு சொல் போதும். அது டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினார்.

"ஐயா, மாறுவேடத்துல வந்த அரசன் நீங்கதான். அடுத்த வசனம் உங்களோடது."

நாற்பது குரல்கள் எடுத்துக் கொடுத்தன. "காவலா, என் குரல் கூடவா மறந்தாய்?" என்று அதிகாரி முனகினார்.

"குரல் காற்று. காற்றை நம்பிக் கதவு திறவேன்!"

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டாம் முறை அவர் கேட்ட கேள்வியில், போய்க்கொண்டிருந்த பஸ் நின்றது. "உடாத தம்பி!" என்றார் கண்டக்டர். செல்வகுமார் காம்பஸைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மணி அடித்தும் கேட் திறக்கவில்லை. அதிகாரி கம்பி வழியாகவே ஆய்வு நோட்டை வாங்கி எழுதினார்: 'நாடகப் பீரியட் தொடரலாம். வகுப்புக்குள் நுழைய இயலவில்லை.'

அடுத்த வாரம் யாரும் அழைக்காமலே வந்தார். விரலில் கவரிங் மோதிரம்.

சாஹில் உற்றுப் பார்த்தான். "இதுல சிங்கம் வாயத் தொறந்துகினு கீது. நம்ம ராஜாவோட சிங்கம் மூடிகினு இருக்கும் சார்."