முன்னூற்று ஒன்பது வழிகளும் ஓர் அம்மனும்

பழவேற்காட்டில், பொன்னேரி பஸ் திரும்புகிற வளைவில், இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் முனைவர் தமிழ்வேந்தன் கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்குப் பின்னால் பனிமலை இருந்ததால் அது நம் ஏரி இல்லை என்பது மட்டும் தெரிந்தது. "உலக எண்வரிசை அரங்கில் நம் மண்ணின் பெயரைப் பொறித்த கணிதச் சிங்கமே, வருக!" என்று மேலே எழுதியிருந்தது. கீழே, "இவண்: ஊர்ப் பொதுமக்கள்." தாங்கள் இப்படி ஒரு காரியம் செய்திருப்பதை ஊர்ப் பொதுமக்கள் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சிங்கம் இன்னும் எதையும் பொறிக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

தமிழ்வேந்தன் கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரர். பொன்னேரியைத் தாண்டி வயல்வெளிக்கு நடுவே நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்தினார். அந்தத் துறைக்குத் தலைவர் பதவி காலியாக இருந்தது. ஏசி போட்ட தனி அறை, கதவில் பெயர்ப்பலகை, உள்ளே வருகிறவர்கள் கேட்டுவிட்டு வர வேண்டும். "உலக அளவுல ஒரு அங்கீகாரம் கொண்டு வாங்க, அறை உங்களுக்கு" என்று தாளாளர் சொல்லியிருந்தார். தாளாளர் இதை எல்லோரிடமும்தான் சொல்லியிருந்தார். தமிழ்வேந்தன் மட்டும் நம்பினார்.

உலகத்தில் உள்ள எண்வரிசைகளை எல்லாம் திரட்டி வைத்திருக்கும் இணையதளம் ஒன்று உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று போவதும் அங்கே ஒரு வரிசைதான். அதற்கும் ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் அது எங்கெங்கே பயன்படுகிறது என்ற குறிப்புகள். அங்கே தன் பெயரில் ஒரு வரிசை ஏறிவிட்டால் ஏசி அறை வந்த மாதிரிதான் என்று தமிழ்வேந்தன் முடிவுகட்டினார். நண்டுகளைக் கூடைகளில் பிரித்துப் போடும் வழிகளை எண்ணி அனுப்பினார். ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தது. கயிறுகள் ஒன்றையொன்று வெட்டாமல் படகுகளைக் கட்டும் வழிகளை எண்ணி அனுப்பினார். ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு இருநூற்றுக்கு மேல் பயன்களும் இருக்கின்றன.

"கண்டுபுடிக்கறதுக்கு அவுங்க எதையும் மிச்சம் வெக்கல போல" என்றாள் அவர் மனைவி அம்பிகா, இறால் தோலை உரித்துக்கொண்டே. "இருக்கறத எதுக்குனா உபயோகப்படுத்தக் கூடாதா?"

தமிழ்வேந்தன் அதைக் கேட்காதவர் போல எழுந்து போனார். மறுநாள் அது அவருடைய யோசனையாகிவிட்டது.

அந்தக் குப்பத்தில் இறால் பருவம் தொடங்கும் முன் பாடு பிரிப்பார்கள். எந்தக் குடும்பம் ஏரியில் எந்த மடுவில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்குவதற்குத்தான் பாடு பிரிப்பது என்று பெயர். முகத்துவாரத்து மடு கிடைத்தால் மகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கலாம். சேத்து மடு கிடைத்தால் சொறிதான் கிடைக்கும். வலை நிறைய கொழகொழவென்று வந்து விழுந்து, தொட்ட இடமெல்லாம் அரிக்கும் சொறி மீன். தனசேகருக்குத் தொடர்ந்து சேத்து மடுதான் விழுந்துகொண்டிருந்தது. அவன் பேசும்போது ஒரு கை எப்போதும் முழங்கையைச் சொறிந்துகொண்டே இருக்கும்.

போன வருஷத்து மடு இந்த வருஷம் அதே குடும்பத்துக்கு வரக் கூடாது என்று ஒரு விதி வைத்தால்? அப்படி மாற்றிப் போடும் வழிகளுக்குக் கணக்கில் பழைய வரிசை ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கு ஒன்று, மூன்று பேருக்கு இரண்டு, நான்கு பேருக்கு ஒன்பது, ஐந்து பேருக்கு நாற்பத்து நான்கு. வரிசை பழசுதான், பாடு புதுசு! தமிழ்வேந்தன் எழுதி அனுப்பினார். இணையதளத்துப் பதிப்பாசிரியை, குளிர் நாட்டில் இருக்கும் ஓர் அம்மாள், மிகவும் சுவையாக இருக்கிறது, இதை ஏதாவது ஊர் உண்மையாகவே பின்பற்றுகிறதா என்று கேட்டார். ஆம், எங்கள் ஊர் பின்பற்றுகிறது என்று தமிழ்வேந்தன் பதில் போட்டார். ஃப்ளெக்ஸுக்கும் சொல்லிவிட்டார். ஊரிடம் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

கோயிலுக்கு எதிரே மீன் ஏலம் விடும் கொட்டகையில் காலையில் கூட்டம் கூடியது. தமிழ்வேந்தன் ஒலிபெருக்கி கேட்டார். இருந்தது முப்பது பேர் என்பதால் கொடுக்கவில்லை.

"சான்றோர்களே!" என்று தொடங்கினார். "கோயில் வாசலில் ஐந்து பேர் செருப்பை விட்டுச் செல்கிறார்கள். திரும்பி வரும்போது ஒருவருக்கும் அவரவர் செருப்பு கிடைக்காமல் போக எத்தனை வழிகள் உள்ளன?"

"அதுக்கு ஒரே வழிதான். எங்க ஊட்டாண்ட இருக்கற நாயி" என்றாள் இறால் எடுக்கும் வியாபாரி திரௌபதி.

"நாற்பத்து நான்கு!" என்றார் தமிழ்வேந்தன்.

"செருப்பு மாறிப் போறத எண்ணறதுக்கா உங்க நைனா படகை வித்துப் படிக்க வெச்சாரு?"

தமிழ்வேந்தன் செருப்பை விட்டுவிட்டு மடுவுக்கு வந்தார். ஐந்து குடும்பம், ஐந்து மடு, நாற்பத்து நான்கு வழி. அதில் ஒன்றைத் தன் போனே எடுத்துக் கொடுக்கும். யாருக்கும் பழைய மடு வராது. தனசேகர் முழங்கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினான். மற்றவர்கள் ஊர்த் தலைவர் சகாதேவனைப் பார்த்தார்கள். வழக்கமாகச் சீட்டு எடுப்பது அவர்தான்.

"இனிமே சீட்டு உன் போனு எடுக்கும்ன்ற?" என்றார் சகாதேவன்.

"ஆமாம் மாமா. மனிதக் கை படாது."

"போனு எடுத்தா நீ எடுத்தா மாதிரிதான?"

"அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்."

"சரிப்பா. செய்யி" என்று சகாதேவன் உடனே ஒப்புக்கொண்டார். அத்தனை சுலபமாக அவர் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை; தமிழ்வேந்தன் அப்போது போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொத்தானை அழுத்தப் போன விரலைச் சகாதேவனின் குரல் நிறுத்தியது. "அம்மனுக்கு?"

"அம்மனுக்கு என்ன?"

"எல்லையம்மனுக்குப் பாடு இல்ல? ஆறாவது மடு?"

தமிழ்வேந்தனுக்குக் காது சிவந்தது. "நைனா, ஐந்து மடு என்றுதானே சொன்னாய்?" என்று பின்வரிசையைப் பார்த்தார்.

"அஞ்சுதான்" என்றார் அவருடைய நைனா சீனிவாசன். "சாமி பாட்டை எண்ணி வாயால சொல்லக் கூடாது. அது கூடவா தெரியாது உனக்கு?"

அது தெரியாமல்தான் போயிருந்தது. கணிதச் சிங்கம் அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரில் எதை எண்ணக் கூடாது என்று தெரியாமல் எண்ணியிருந்தது.

அவர் சமாளித்துக்கொண்டார். "பரவாயில்லை. அம்மனோடு சேர்த்து ஆறு பேர். இருநூற்று அறுபத்தைந்து வழிகள். போன வருஷம் அம்மனுக்கு எது?"

"முகத்துவாரத்து மடு."

"அப்படியானால் விதிப்படி இந்த வருஷம் அம்மனுக்கு அது கிடையாது."

கொட்டகையில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"அம்மனுக்கே ரூல்ஸ் போடறியா? இன்னா தைரியம் உனுக்கு!" என்றாள் திரௌபதி. "போன வாட்டி புயலுக்கு விதி பேசனியா நீ? போய் கடலாண்ட சொல்லு, போன வருசம் வந்த அலை இந்த வருசம் வரக் கூடாதுன்னு!"

"அம்மனை விடு" என்றார் சகாதேவன். "அவளுக்கு எது வேணா வரலாம். அதே மடு கூட வரலாம். விதியெல்லாம் மனுசனுக்கு."

தமிழ்வேந்தன் தாளில் அவசரமாகக் கணக்குப் போட்டார். ஐந்து குடும்பத்துக்கு விதி உண்டு, ஒருத்திக்கு மட்டும் கிடையாது. முன்னூற்று ஒன்பது. நான்கு குடும்பம் என்றால் ஐம்பத்து மூன்று. மூன்று என்றால் பதினொன்று. ஒன்று, மூன்று, பதினொன்று, ஐம்பத்து மூன்று, முன்னூற்று ஒன்பது... அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வரிசையை அவர் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. உலகில் எந்தக் கணித மேதைக்கும் விதிக்குக் கட்டுப்படாத அம்மன் ஒருத்தி அகப்பட்டிருக்க மாட்டாள்! இவை பழவேற்காட்டு எண்கள்! அங்கேயே நின்றுகொண்டு குளிர் நாட்டு அம்மாளுக்கு மின்னஞ்சல் தட்டினார்.

"பாட்டைப் பிரிப்பா" என்றார்கள்.

அழுத்தினார். முகத்துவாரத்து மடு தனசேகருக்கு வந்தது. அவன் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தான். சேத்து மடு எல்லையம்மனுக்கு வந்தது.

"திரும்ப ஒரு வாட்டி அமுத்தலாமா?" என்று தமிழ்வேந்தன் மெல்லக் கேட்டார்.

"சாமிக்கு ஒரு வாட்டிதான்" என்றார் சகாதேவன். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. வருத்தப்படுகிற மாதிரி வைத்துக்கொள்ள அவர் முயன்றார், அவ்வளவுதான்.

அம்மன் பாட்டை வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள்; ஏலம் எடுத்தவர் அந்தப் பணத்தைத் திருவிழாவுக்குக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை குளிர் நாட்டிலிருந்து பதில் வந்தது. தமிழ்வேந்தன் அதை மூன்று முறை படித்தார். வரிசை அழகானது, ஏற்கெனவே இருக்கிறது, மிகப் பழையது என்று முதல் வரி சொன்னது. ஆனால் பங்கு பெறுகிறவர்களில் ஒருவர் தெய்வம் என்ற பயன்பாடு இதுவரை யாரும் சொல்லாதது. ஊர்த் தலைவர் தம் வாயால் சொல்லும் ஒரு காணொளி அனுப்பினால் அந்த வரிசையின் பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பாகச் சேர்த்துவிடலாம், உங்கள் பெயரோடு.

ஒரு வரி! ஏசி அறைக் கதவுக்கு ஒரு வரி போதும். பெயர்ப்பலகையே ஒரு வரிதானே.

வெள்ளிக்கிழமை தமிழ்வேந்தன் இஸ்திரி போட்ட முழுக்கால் சட்டையோடு கோயிலுக்குப் போனார். ஏலம் நடந்துகொண்டிருந்தது, அதாவது சகாதேவன் கேட்டுக்கொண்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை.

"சேத்து மடு, எல்லையம்மன் பாடு. கேக்கறவங்க கேக்கலாம்."

தனசேகர் மேலே பார்த்தான். மற்றவர்கள் கீழே பார்த்தார்கள்.

"யாரும் கேக்கலன்னா வழக்கம் தெரியுமில்ல?" என்றார் சகாதேவன். "சீட்டு எடுத்தவன் தலையில. இத்தினி வருசம் நாந்தான் பயந்துகினே எடுத்தேன். நல்ல வேளை, இந்த வாட்டி போனு எடுத்துச்சு."

தமிழ்வேந்தனுக்கு அந்த உடனடி ஒப்புதல் அப்போது புரிந்தது. "மாமா, நான் கல்லூரி ஆசிரியன். ஆள் வைத்துக்கொள்கிறேன்."

"அம்மன் பாட்டுக்கு ஆளு வெக்கக் கூடாது. எடுத்தவனே எறங்கணும்."

"முடியாது என்றால்?"

"முடியாதுன்னா விட்டுடு. நாங்க பழையபடி சீட்டே குலுக்கிக்கறோம்." சகாதேவன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னாவோ காணொளின்னு கேட்டியாமே? அம்பிகா சொன்னா. உன் விதிய ஊரு ஏத்துக்கிச்சுன்னு நான் சொல்லணும்னா, ஊரு வழக்கத்த நீ ஏத்துக்கோ."

திரௌபதி சத்தமாகவே சொன்னாள்: "கையக் கட்டிக்கினு ஏரியப் பாத்துக்கினே இருந்தா எப்படி டாக்டரே? எறங்கிப் பாரு."

தமிழ்வேந்தன் ஃப்ளெக்ஸை நினைத்தார். தாளாளர் திங்கட்கிழமை அந்த வழியாகப் பழவேற்காட்டுக்கு மீன் சாப்பிட வருகிறார். நினைத்து முடித்து, போனைத் திறந்து, கேமராவைச் சகாதேவன் பக்கம் பிடித்தார்.

"எங்க ஊருல பாடு பிரிக்க முன்னூத்தி ஒம்போது வழி இருக்குது" என்றார் சகாதேவன் கேமராவைப் பார்த்து, கல்யாண வீடியோவுக்கு வாழ்த்துச் சொல்கிற முகத்தோடு. "அம்மனுக்கு மட்டும் விதி கிடையாது. மத்த எல்லாருக்கும் உண்டு. டாக்டருக்கும்."

குறிப்பு ஏறியது. அந்தப் பழைய வரிசையின் பக்கத்தில், நாற்பது குறிப்புகளுக்குக் கீழே, பழவேற்காடு ஏரிக் குப்பம் ஒன்றில் இது பயன்படுகிறது, பங்காளிகளில் ஒருவர் தெய்வம் என்று ஒரு வரி, அதன் முனையில் தமிழ்வேந்தன் பெயர். அவர் அதை அச்செடுத்துத் தாளாளர் மேஜையில் வைத்தபோது அவருடைய இரண்டு முன்கையிலும் சொறி பட்டுத் தடித்திருந்தது. தாளாளர் தாளைத் தொடாமல் படித்தார். "பயன்படுகிறது என்று இருக்கிறது. அப்படியானால் வருஷா வருஷம் பயன்பட வேண்டும். இல்லையா?" என்று கேட்டார். "அடுத்த வருஷமும் இது இருந்தால் அறையைப் பார்ப்போம்."

ஆகவே அடுத்த வருஷமும் போன்தான் பாடு பிரிக்கும் என்று ஆயிற்று. சகாதேவனுக்கு அதில் எந்த ஆட்சேபணையும் இல்லை.

பாடு பிரிக்கும் நாள் காலையில் தமிழ்வேந்தன் தாளை விரித்து உட்கார்ந்தார். ஐந்து குடும்பத்துக்கும் அவருடைய விதியின் பாதுகாப்பு இருந்தது. போன வருஷத்து மடு அவர்களுக்கு வராது. அம்மனுக்கு விதி இல்லை. அவளுக்குச் சேத்து மடுவே மறுபடி வரலாம். அம்மன் பாட்டை யாரும் கேட்காவிட்டால், அது சீட்டு எடுத்தவர் தலையில். முன்னூற்று ஒன்பது வழிகளில் எத்தனையில் அம்மன் போன வருஷத்து இடத்திலேயே உட்காருவாள்? அவளை நகர்த்தாமல் வைத்துவிட்டு, மற்ற ஐந்து பேரையும் மாற்றிப் போட வேண்டும். கணக்கு ஒரே வரியில் முடிந்தது.

நாற்பத்து நான்கு.

"இன்னா வந்துச்சு?" என்று கேட்டாள் அம்பிகா.

"நாற்பத்து நான்கு."

"போன வருசம் கொட்டகையில கத்தனயே, அதேவா?"

அவர் தாளை மடித்தார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, போனைத் துடைத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்பிகா கொடியிலிருந்து பழைய கைலியையும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்து வந்து அதே பைக்குள் திணித்தாள்.