ஆற்றுத் தலைவரின் பலகை

ஆற்றங்கரையில் குவாங் ஃபூஷெங்குக்கு ஒரு பலகை இருந்தது. ‘இப்பகுதி ஆற்றுத் தலைவர்’ என்று, ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்க அரசு நியமித்த அதிகாரியாக அவர் பெயரும், கீழே புகார் சொல்ல அவருடைய கைபேசி எண்ணும். சாயப்பட்டறைக்காரர்கள் அன்றைக்கு எந்தத் துணியை நனைத்தார்களோ அந்த நிறத்தில் ஆறு ஓடும். நுரைக்கு நடுவே வயிறு உப்பிய மீன்கள் மல்லாந்து மிதக்கும். பலகையை மட்டும் வாரந்தோறும் கழுவினார்கள். பாட்டில் தண்ணீரில்.

யாராவது கூப்பிட்டு நாற்றம் தாங்கவில்லை என்றால், குவாங் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: “அது ஷாவ் அக்காவோட டோஃபுங்க.” கரையில் அவள் சோயாக்கட்டியைப் புளிக்கவைத்துப் பொரிக்கும் நாற்ற டோஃபு ஊரறிந்த பண்டம். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார்.

இன்று அதே கரையில் ‘நீரே நாகரிகம்’ அருங்காட்சியகத் திறப்பு. மாகாணத்திலிருந்து வரும் பெரியவர் லூவின் மனம் குளிர்ந்தால் குவாங்குக்கு நகர அலுவலகத்தில் பதவி. அந்த அறை ஜன்னலிலிருந்து எந்த ஆறும் தெரியாது.

காலையிலேயே ஷாவை விரட்டப் போனார்.

“அக்கா, வண்டிய எடு. பெரியவர் மூக்கைப் பொத்திக்கிட்டா ரிப்பன் வெட்டுவாரு?”

“என் டோஃபு நாறினாத்தான் விக்கும் தலைவரே. உங்க ஆறு எதுக்கு நாறுது?”

“ஆறு நாறல. எல்லாம் ஒன் சட்டிதான்.”

“அப்படியா? அப்ப சட்டியோடயே போறேன்,” என்று சிரித்தபடி அவள் பாலத்துக்கு அப்பால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

எண்ணெய்ப் புகை விலகியதும் ஆறு வாயைத் திறந்தது. அழுகிய முட்டை, நனைந்த நாய், எரிந்த ரப்பர் எல்லாம் ஒன்றாய்க் கரைந்த நாற்றம். வாயை மூடினாலும் நாக்கில் வந்து ஒட்டியது. சிவப்புக் கம்பளத்தில் நின்ற குவாங் கைபேசியை எடுத்தார். ஷாவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, உடனே திரும்பி வா!”

“இப்பத்தான் எண்ணெய் காஞ்சுது, வரிசையில ஆள் நிக்குது. நாத்தம் வேணும்னா முன்னாடியே சொல்லப்படாதா?”

லூவின் கார் வந்து நின்றது.

“நீரின்றி உயிரில்லை, நம் முன்னோர் நதியின் மடியில்தான்…” என்று முழங்கிக்கொண்டிருந்த லூ பாதியில் நிறுத்தி மூக்கைச் சுருக்கினார். “என்னய்யா இது வாடை?”

“டோஃபுங்க ஐயா. நம்ம ஊரு விசேஷம்.”

லூவின் முகம் மலர்ந்தது. “அடடே! சின்ன வயசுல தின்னது. எங்க கடை?” உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மூக்கு போன வழியே நடந்தார். கூட்டமும் பின்னால் போனது.

வழி தண்ணீர் ஓரத்தில் முடிந்தது. கடை இல்லை. இன்றைக்கு ஊதா நுரை, அதில் ஒரு செத்த வாத்து, பளபளவென்று பலகை. லூ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பலகையை நிதானமாகப் படித்தார். கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார்.

குவாங்கின் சட்டைப்பையில் தெளிந்த ஓடையொன்று சலசலத்தது. விழாவுக்கென்றே வைத்த அழைப்பொலி.

“எடுங்க,” என்றார் லூ.

எடுத்துக் காதில் வைத்தார் குவாங். பழகிய வாய் தானாகவே சொன்னது:

“அது ஷாவ் அக்காவோட டோஃபுங்க.”