முக்கால் மீட்டர்

நிலத்தடி நீர் அலுவலகத்தின் மாடி அறையில் மனைவி வரைபடம் வரைவாள். கணவன் ஊர் ஊராகப் போய்க் கிணறுகளின் நீர்மட்டம் அளந்து வருவான். அவன் நோட்டில் எழுதும் எண்கள் அவள் திரையில் புள்ளிகளாகும். கல்யாணமான எட்டு மாதத்தில் இருவரும் அதிகம் பேசியது மீட்டரும் சென்டிமீட்டரும்தான் என்று நாத்தனார் கேலி செய்வதுண்டு.

ஓர் ஊரில் நூற்று நாற்பது வீடுகளுக்குப் புதிதாக ஒரே ஓர் ஆழ்துளைக் கிணறு போட வேண்டியிருந்தது. மேற்குத் தெருவில் போடலாம் என்றது வரைபடம். கிழக்குத் தெருவின் மூன்று கிணறுகளில் மட்டும் மழைக்குப் பிறகும் நீர் கோடையைவிடக் கால் மீட்டர் இறங்கியிருந்தது. துளையிடும் வண்டி மறுநாள் வருவதாக இருந்தது.

மதியம் சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"மழை பேஞ்சும் தண்ணி எப்படிங்க இறங்கும்?"

"அதை மேகத்துக்கிட்ட கேளு. நாடாவை விட்டேன், நனைஞ்ச இடத்தைப் படிச்சேன். கோடையில குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு. இந்தத் தடவை சுவர்ல சாஞ்சுக்கிட்டே அளந்தேன், சொகுசா."

அவள் டப்பாவை மூடினாள். "முழங்கால் உயரச் சுவர்ல எப்படிச் சாஞ்சீங்க?"

"கன்னுக்குட்டி விழுந்துச்சுன்னு உசத்திக் கட்டிட்டாங்க."

"நீங்க கழிச்சது பழைய உயரமா?"

அவன் நோட்டைப் புரட்டினான். சுவரின் மேலிருந்து அளந்து, சுவரின் உயரத்தைக் கழித்தால்தான் தரையிலிருந்து நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று தெரியும். கோடையில் குறித்த உயரம் நோட்டிலேயே இருந்தது. அதையே கழித்திருந்தான்.

அவன் வேலை தற்காலிகம். நிரந்தரமாக்கப்படுவோர் பட்டியல் அந்த வாரம்தான் அதிகாரியின் மேஜைக்குப் போயிருந்தது.

"நான் வரைஞ்சதுல தப்புன்னு சொல்லிடறேன். ஒரு திட்டோட போயிடும்."

"போடி. சுவருக்கும் உன் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அவனே அதிகாரியின் அறைக்குப் போனான். "வண்டியை நிறுத்தணும்னா காரணம் வேணும். யார் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்றார் அவர். எழுதிக் கொடுத்தான்.

மாலைக்குள் மூன்று சுவர்களையும் இருவருமாக அளந்தார்கள். ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் உயர்ந்திருந்தது. எண்களைத் திருத்தியதும், ஊரிலேயே கிழக்குத் தெருவில்தான் நீர் அதிகம் ஏறியிருப்பது தெரிந்தது. ஒரு வாரம் தள்ளி வண்டி அங்கே துளையிட்டது. தண்ணீர் வந்தது.

பட்டியலும் வந்தது. அதில் அவன் பெயர் இல்லை.

"நான் சொல்றேன்னு சொன்னேன்ல, கேட்டீங்களா?" என்று அவள் வீட்டில் பொரிந்து தள்ளினாள்.

"கேட்டிருந்தா, இனிமே நீ வரையற ஒவ்வொரு படத்தையும் நாலு பேர் சந்தேகப்படுவாங்க. என் அளவுன்னா, யாராவது ஒருத்தர் கூட வந்து சரிபார்த்தா போதும்."

"யாராவது ஒருத்தர் எதுக்கு?" என்றாள் அவள். மறுநாள் களப்பணிக்குப் போகிறவர்களின் தாளை எடுத்து, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.