பன்னிரண்டாம் வீட்டிலிருந்து ஒரு பெயர்

இரவு முழுதும் பெய்த மழை விடியுமுன் ஓய்ந்து, மலைச்சரிவெங்கும் மூடுபனி இறங்கி, அடுக்கடுக்காக ஏறிச்செல்லும் தேயிலைச் செடிகளின் தலைகளை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றையெல்லாம் மறைத்திருந்த ஒரு திங்கட்கிழமை வைகறையில், அக்கரப்பத்தனைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிற்கு உங்களை அழைத்துச் செல்கிறேன், தமிழறிந்த அன்பர்களே. தோட்டத்தின் பெயர் எதற்கு? ஒன்றைக் கண்டவர் மற்றொன்றில் வழி தவறமாட்டார். அதே கற்படிகள், அதே வளைவுப் பாதை, வளைவோரத்தில் ஒரு சிறு கோயில், கோயிலுக்கு மேலே ஒரே கூரையின் கீழ் ஒட்டிப் பிறந்த பன்னிரண்டு வீடுகள். அவ்வீட்டு வரிசையை லயம் என்பர். அதன் பன்னிரண்டாம் வீட்டில்தான் அன்று விளக்கு முதலில் எரிந்தது.

அவ்வீட்டின் அச்சத்தை அறிய வேண்டுமாயின் அங்குள்ள வழக்கமொன்றை அறிய வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சமைத்து உண்டு பிள்ளை பெற்று வாழ்ந்தாலும், லயத்து வீடு குடியிருப்போருக்குச் சொந்தமாவதில்லை. வீட்டுக்கு ஒருவராவது தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிந்திருக்க வேண்டும். அப்பெயர் நீங்கி வேறொரு பெயர் ஏறவில்லையென்றால், வீட்டைக் கேட்டு அடுத்த குடும்பம் வாசலில் வந்து நிற்கும். பிற ஊர்களில் தொழில் கிடைத்தவர் வீடு தேடுவர். அங்கே வீட்டைக் காப்பதற்காகத் தொழிலுக்குப் போகிறார்கள். பன்னிரண்டாம் வீட்டுக் காளியாயியும் அப்படித்தான் போனாள். தன் தாய் கால் முறிந்து படுத்த ஆண்டில், பதினாறு அகவையில், பள்ளிப் புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்துக் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியவள், நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, சென்ற கிழமையோடு அறுபதை எட்டி ஓய்வு பெற்றுவிட்டாள். திங்கட்கிழமைப் பெரட்டில் பன்னிரண்டாம் வீட்டிலிருந்து புதிய பெயர் சொல்லப்பட வேண்டும். விடிகாலையில் தொழிலாளர் திரண்டு நின்று அன்றைய வேலையை ஏற்கும் கூட்டமே பெரட்டு. அதற்கொரு நல்ல தமிழ்ச்சொல்லை நானும் பல நாள் தேடிப் பார்த்தேன், கிடைத்தபாடில்லை, பொறுத்தருள்க.

அதே திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் காளியாயியின் மகள் லோஜினிக்கு நுவரெலியாவில் நேர்முகத் தேர்வு. இருபத்திரண்டு அகவையினளாகிய அவள் நில அளவைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். பெண்பிள்ளை காடுமேடெல்லாம் ஏறி நிலம் அளப்பதா என்று லயமே வாயைப் பிளந்தது. ஆனால் அவள் எட்டாம் வகுப்பில் பயின்ற நாளில், வீட்டுக்கொரு துண்டு நிலம் வரப் போவதாகச் சொல்லி அளப்போர் சிலர் வந்து, முக்காலியின்மேல் கருவியொன்றை நிறுத்தி, விளையாட்டுத் திடலெங்கும் சிவப்பு முளைகளை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நிலம் வரவில்லை, முளைகள் உளுத்து அடுப்புக்குப் போயின. ஆயினும் அக்கருவியின் கண்ணாடி வழியே ஒருமுறை பார்க்க விடப்பட்ட சிறுமிக்கு, எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தன் தாயின் முகம் கைக்கெட்டும் அண்மையில் தெரிந்தது. அன்று பிடித்த ஆசை பின்பு அவளை விடவேயில்லை.

"அண்ணன் வந்து பேரு குடுத்துருவான். நீ ஒண்ணையும் யோசிக்காம போயிட்டு வா" என்று காளியாயி ஒரு கிழமையாகச் சொல்லிவந்தாள். அண்ணன் நிரஞ்சன் கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை பார்ப்பவன். ஞாயிறு மாலை அவனோடு தொலைபேசியில் பேசும்போது, எந்தத் தொடர்வண்டியில் வருகிறாய் என்று லோஜினி கேட்டாள். அவன் திகைத்தான், தனக்கு விடுப்பே கிடையாதென்றும், அம்மா அப்படியொன்றும் கேட்கவில்லையென்றும், வீட்டில் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பீர்களென்றே தான் எண்ணியிருந்ததாகவும் சொன்னான். மகளை அனுப்பிவைக்கத் தாய் சொன்ன பொய் அது. தேர்வுக்குப் போனால் வீடு போகும். போகாவிட்டால் பத்தாண்டு ஆசை போகும். இரண்டையும் பற்றிக்கொள்ளத் தனக்கிருப்பது ஒரே பெயர்தானே என்று அவள் தவித்தாள்.

அவ்வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். தாயும் மகளும் கணக்குப் போட்டபோதெல்லாம் அவளை விட்டுவிட்டே கணக்குப் போட்டார்கள். அவள் நிரஞ்சனின் மனைவி நிலக்ஷி. ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் வணிகரின் மகள். தன் தந்தையின் கடையில் வேலை பார்த்த லயத்துப் பிள்ளையை விரும்பி மணந்ததனால் பிறந்த வீட்டுக் கதவு அவளுக்கு அடைபட்டது. மூன்று ஆண்டுகளாகியும் அவளை விறகு சுமக்க விடமாட்டாள் காளியாயி. கடைக்காரர் வீட்டுப் பெண், பட்டுத்துணியை முழம் போட்ட கை, அட்டை கடித்தால் அலறிவிடுவாள் என்று விருந்தாளியைப் போலவே வைத்திருந்தாள். லோஜினிக்கோ அண்ணிமேல் உள்ளூர ஒரு சிறு எரிச்சலே உண்டு. உட்கார்ந்து உண்கிறவள் என்று தோழியரிடம் ஓரிருமுறை சொல்லியுமிருக்கிறாள். இப்போது நினைக்க அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

ஆறு மணிப் பேருந்தில், பொய் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாத லோஜினியை ஏற்றிவிட்டுத் தாய் கையசைத்தாள். முதல் வளைவு கடந்தது, கோயில் வந்தது. லோஜினி சான்றிதழ் உறையை மார்போடு அணைத்திருந்தாள். பெரட்டுக் களத்தில் தாய் தனியே நின்று தவணை கேட்டுக் கெஞ்சப்போகும் தோற்றம் கண்முன் வந்து வந்து போயிற்று. இரண்டாம் வளைவில் அவளையறியாமலே மணியை அடித்துவிட்டாள். இறங்கி, குறுக்குப் பாதையில், நேர்முகத் தேர்வுக்கென்று உடுத்திய வெள்ளைச் சேலை முழங்கால்வரை சேறாக, மூச்சிரைக்க ஏறினாள். பேருந்து தான் போகவேண்டிய வழியே போய்விட்டது.

களத்தில் பெண்கள் கூடைகளோடு நின்றிருந்தனர். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பேரேட்டைத் திறந்து, பன்னிரண்டாம் வீட்டில் யார் பெயர் என்று கேட்டார். காளியாயி கைகளைப் பிசைந்துகொண்டு ஒரு மாதத் தவணை வேண்டினாள். கொடியவர் அல்லர் அவர். மேலிடத்தில் கேட்டால் தான் என்ன சொல்வது என்று மெல்லத்தான் சொன்னார். லோஜினி கூட்டத்தின் விளிம்பை அடைந்து, தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், பெண்களின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"நிலக்ஷி. பன்னெண்டாம் வீட்டு மருமக. எம்பேர எழுதிக்குங்க ஐயா."

எங்கோ ஒருத்தி கிளுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள். காளியாயி திரும்பிப் பார்த்தாள். இரவல் கூடையை முதுகில் மாட்டி, தலையில் துண்டு கட்டி நின்ற மருமகளை அவளுக்கு அடையாளம் தெரியவே சற்று நேரமாயிற்று.

"ஒனக்கு எதுக்கும்மா இது? கொழுந்து எது, முத்தல் எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது மாமி, பழகிக்கிறேன். ஒரு மாசமா யாரு பேரு, யாரு பேருன்னு நீங்க ரெண்டு பேருமே பேசிக்கிட்டீங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல. எங்கப்பா வாசல சாத்திட்டாரு. இந்த வீடும் போயிருச்சுன்னா நான் எங்க மாமி போவேன்?"

சுடுசொல் எதுவும் அதில் இல்லை. அதனாலேயே இருவருக்கும் அது சுட்டது. கண்டாக்கு எழுதி முடித்தார். அப்போதுதான் நாத்தனாரைக் கண்ட நிலக்ஷியின் முகம் சிவந்தது.

"நீ ஏன் எறங்கி வந்த? ஒனக்காக ஒண்ணும் நான் பேரு குடுக்கல. பால் வண்டி இன்னும் நிக்கிது. ஓடு."

லோஜினி ஓடினாள். பால் வண்டி ஓட்டுநர் சேறு படிந்த சேலையைப் பார்த்து எதுவும் கேளாமல் முன்னிருக்கையில் இடம் கொடுத்து, தலவாக்கலைக்கு எட்டரைக்குள் போய்விடலாம், அங்கிருந்து நுவரெலியாவுக்குப் பேருந்து உண்டு என்றார். வண்டி வளைவு திரும்புகையில் எட்டிப் பார்த்தாள். ஈரம் படாமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்கைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு தடுமாறினாள் அண்ணி. காளியாயி அருகே போய் அதை அவிழ்த்து, மண்டியிட்டு, சரியாகக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பின் மூடுபனி இருவரையும் மறைத்தது.

நேர்முகத் தேர்வின் முதல் வினா எதுவாயிருக்குமென்று லோஜினிக்குத் தெரியும்: இத்தொழிலுக்கு வர ஏன் விரும்புகிறாய்? சிவப்பு முளைகளையும் கருவிக் கண்ணாடியையும் சேர்த்து அழகான விடையொன்றை ஒரு மாதமாக உருப்போட்டு வைத்திருந்தாள். இப்போது அதன் முதல் சொல்கூட வாயில் வரவில்லை. அன்பர்களே, அன்று காலை ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் இரண்டு தொழில்களை நோக்கிப் புறப்பட்டார்கள். ஒருத்தியை எதிரே அமரவைத்து ஏன் என்று கேட்கப்போகிறார்கள். மற்றவளிடம் கேட்டது பெயர் மட்டுமே.