கூடத்தைக் கடந்து போனவர்

ஓய்வு பெற்று வீடு திரும்பிய கடற்படை விமானி, வாசல்படியில் கால் பட்டதும் வேகமெடுத்து, கூடத்தைக் கடந்து, பின்வாசல் வழியாகப் பறந்து போனார். நான்கு நிமிடத்தில் ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தார், மறுபடி போனார். ஒன்பது வருடங்களாக இதுதான் நடந்தது. முதல் வாரம் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பிறகு அவரவருக்கு அவரவர் பாடு.

குற்றம் அவருடையது அல்ல, தொழிலுடையது. கடலில் ஓடுகிற கப்பலின் தளம் ஒரு விமானம் ஓடி நிற்கப் போதாது. குறுக்கே கட்டிய இரும்பு வடத்தில் வால் கொக்கி மாட்டினால்தான் உண்டு. ஆரம்பகாலக் கப்பல்களில் தளம் நேராக இருந்தது; வடத்தைத் தவறவிட்டவர்கள் முன்னால் நிறுத்தியிருந்த விமானங்களில் மோதிச் செத்தார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் தளத்தைச் சற்றுக் கோணலாகப் போட்டான். தவறவிட்டவன் அப்படியே எழும்பிப் போய்த் திரும்பி வரலாம். அதற்குச் சக்கரம் தொட்ட கணமே முழு வேகம் கொடுக்க வேண்டும். கொக்கி மாட்டிவிட்டது என்று நம்பிக் கையைத் தளர்த்தியவனுக்குக் கடல்தான் கதி. இருபத்தாறு வருடம் எதையும் நம்பாததால் உயிரோடு இருந்தவர் விமானி. தொட்டில் பழக்கம் மட்டுமா, தளத்துப் பழக்கமும் சுடுகாடு மட்டும்தான்.

மனைவிக்கு அலுத்துவிட்டது. சாப்பாட்டைப் பொட்டலமாக நீட்டுவாள், பிடித்துக்கொண்டு போவார். அவர் கூடத்தைக் கடப்பதற்குள் மூன்று நான்கு வார்த்தைதான் சொல்ல முடியும். "பொண்ணுக்கு வரன் வந்திருக்கு" என்றால், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது அடுத்த சுற்றில்.

இந்த வருடம் அவளுக்கு மார்பில் கட்டி என்றார் டாக்டர். அதை நான்கு வார்த்தையில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவள் அழ வேண்டும். கப்பலில் வடம் பார்த்த மெக்கானிக்கை வரவழைத்து, கூடத்தின் குறுக்கே கயிறு கட்டச் சொன்னாள். இரண்டு முறை கயிறு கட்டிய ஜன்னல் கம்பியே பிடுங்கிக்கொண்டு போனது.

"வெயிட்டுக்குத் தகுந்த மாதிரி இழுவை வெக்கணும்மா. ஐயா என்ன வெயிட்டுன்னு தெரியாம நான் என்ன பண்றது?"

"ஒம்பது வருஷமா தரையில நிக்காத மனுஷன். எந்தத் தராசுல ஏத்தி நிறுக்கச் சொல்றீங்க?"

மெக்கானிக் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவள் கயிற்றைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நின்றாள். தைரியமெல்லாம் இல்லை, வேறெங்கே கட்டுவது என்று யோசிக்கத் தெம்பில்லை. அவர் வந்தார், கயிறு அவர் பெல்ட்டில் மாட்டியது, இருவருமாகப் பின்வாசல் வழியே போனார்கள்.

மேலே ஆகாயத்தில் பேச நேரம் தாராளமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டிய மட்டும் அழுதாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"எப்பங்க நின்னீங்க, சொல்றதுக்கு?"

அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் அவர்கள் இறங்கவில்லை. ஆனால் மெதுவாகச் சுற்றுகிறார்கள். சிகிச்சை உள்ள செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிறார்கள். காவலாளி காலையிலேயே இரண்டாம் மாடி ஜன்னலைத் திறந்து வைத்துவிடுகிறார்.