சாப்பிட்டு முடியட்டும்

தாழ்வுபாட்டுக் கரையில் ஒதுங்கிய உடல் தன் புருசன் அம்புறோஸுடையது இல்லை என்று றஞ்சிதம் கால்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். முகத்தை வைத்து ஆளைச் சொல்லும்படியாகக் கடல் விட்டுவைக்கவில்லை. இடது காலில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"இது என்ர மனுசன் இல்லை."

பொலிஸ்காரர் தலையாட்டினார். அவ்வளவுதான். ஆசுப்பத்திரியின் பிரேத அறையை விட்டு வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. அவளுக்கு அழுகையும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. பசித்தது.

கச்சான் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்த அன்றுதான் அம்புறோஸ் வங்காலையிலிருந்து தனியாக மீன்பிடித் தொழிலுக்குப் போனான். வள்ளம் கவிழ்ந்தபடி கிடைத்தது. ஆளைக் காணவில்லை. ஒரு கிழமையாக வீட்டில் யார் யாரோ வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவள் அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டிட்டுப் போவம்" என்றாள். கூட வந்திருந்த புருசனின் தம்பி சந்தியோகு அவளை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சனூனின் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம் வாசல்வரை நின்றது. கந்தோர்க்காரர், உழவு மிசினுக்குச் சாமான் வாங்க வந்த நானாட்டான் கமக்காரர், பஸ்ஸுக்கு அவசரப்படுகிறவர்கள் என்று எல்லோரும் கதிரைக்காகக் காத்து நின்றார்கள்.

"அந்த உம்மான்ர மேசையில ரெண்டு கதிரை கிடக்கு, இருங்கோ" என்று சனூன் கல்லாவிலிருந்து கை காட்டினார்.

முக்காடு போட்ட ஒரு பெண் அங்கே தனியாக இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவளுக்கு முன்னால் இருந்த சோறு குழைத்தபடியே காய்ந்துகொண்டிருந்தது.

சிவப்பரிசிச் சோறு வந்தது. பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, ஒரு அப்பளம்.

"பாரை மீன் குழம்பு இருக்கு, வைக்கட்டா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார்.

சந்தியோகு பதறிக் கையை நீட்டி மறித்தான்.

"எனக்கு வையுங்கோ" என்றாள் றஞ்சிதம்.

சாப்பிட்டாள். உறைப்பும் புளியும் நாக்குக்குத் தெரிந்தன. ஆனால் வேறு யாரோ சாப்பிட, தான் பக்கத்திலிருந்து பார்ப்பது போலிருந்தது.

"பிள்ளை எந்த ஊர்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வங்காலை."

"நாங்கள் சிலாவத்துறை. புத்தளத்தில அகதியா இருந்திட்டு இப்பதான் திரும்பி வந்து இருக்கிறம். என்ர பேர் கைருன்னிசா." யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு. "மகன் பாயிஸ் சங்கு குளிக்கப் போனவன், திரும்பி வரேல்லை. தாழ்வுபாட்டில ஒரு மையித்து ஒதுங்கியிருக்காம். தம்பி பொலிசுக்குப் போயிருக்கிறார். வந்த உடன ஆசுப்பத்திரிக்குப் போய்ப் பாக்கோணும். ரெண்டு நாளா எனக்கு ஒண்டும் இறங்கேல்லை. சாப்பிடச் சொல்லி ஏசி, இதில இருத்திப்போட்டுப் போயிட்டார்."

றஞ்சிதம் மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"அது அவன் இல்லை, பிள்ளை. அவனுக்குப் பிறக்கேக்குள்ளையே இடது காலில ரெண்டு விரல் ஒட்டு. சின்னனில வாத்துக்கால், தாரா எண்டு பொடியன்கள் பகிடி பண்ணுவாங்கள். நான் காலைத்தான் பாப்பன். பாத்திட்டு, இல்லையெண்டு சொல்லிப்போட்டு வந்திடுவன்."

சந்தியோகின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவன் வாயைத் திறந்தான்.

"சந்தியோகு, சொதி கொண்டுவரச் சொல்லு" என்றாள் றஞ்சிதம்.

அவன் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனான். சொதி வந்ததும் அவள் தானே வாங்கிக் கைருன்னிசாவின் சோற்றில் விட்டாள்.

"சாப்பிடுங்கோ அக்கா. இதோட குழைச்சால் இறங்கும்."

கைருன்னிசா ஒரு வாய் வைத்தாள். மெல்ல முடியாமல் மென்றாள். பிறகு இன்னொரு வாய். அடக்கி வைத்திருந்த பசி அவளை அறியாமலே எழும்பிவிட்டது. குனிந்தபடி அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். சொல்ல வேண்டும் என்று றஞ்சிதத்துக்குத் தெரிந்தது. சொல்லுகிற சொற்களும் தெரிந்தன. ஆனால் சாப்பிட்டு முடியட்டும் என்று மட்டும் நினைத்தாள். அது இரக்கமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் கைருன்னிசாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னாள்.

கைருன்னிசா கை கழுவிவிட்டு வரவும் அவளுடைய தம்பி சரிபுதீன் வாசலில் தெரிந்தார்.

"நானும் வாறன் அக்கா" என்றாள் றஞ்சிதம்.

"உங்களுக்கு ஏன் பிள்ளை கரைச்சல்?"

"நானும் அதுக்குத்தான் வந்தனான். என்ர மனுசனோ எண்டு பாக்கக் கூப்பிட்டவை. பாத்திட்டன். அவர் இல்லை."

கைருன்னிசா அவள் முகத்தையே பார்த்தாள். கடைக்குள் தட்டுகளின் சத்தம் குறையவில்லை.

"காலையும் பாத்தீங்களா?"

"ஓம் அக்கா."

கைருன்னிசா மறுபடி கதிரையில் இருந்துவிட்டாள். இடத்துக்காகக் காத்து நின்று அந்தக் கதிரையில் கை வைத்திருந்த ஒருவர், மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

"பிறகேன் என்னைச் சாப்பிட வச்சீங்கள்?"

"இனி எப்ப சாப்பிடுவீங்களோ எண்டுதான்."

கைருன்னிசா ஏசவில்லை. ஆசுப்பத்திரிவரை றஞ்சிதத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி நடந்தாள். உள்ளே போனதும் அந்தப் பிடியை விட்டுவிட்டு, அந்தக் காலை இரண்டு கைகளாலும் எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். அவள் போட்ட சத்தத்தில் சந்தியோகு சுவரில் சாய்ந்து அழுதான். றஞ்சிதம் நேராக நின்றாள்.

அன்று மாலையே பாயிஸைச் சிலாவத்துறைக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். றஞ்சிதம் வங்காலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். "அப்பாவா அம்மா?" என்று பிள்ளைகள் ஓடிவந்து கேட்டன. இல்லை என்றாள். சின்னவள் கை தட்டித் துள்ளினாள்.

அம்புறோஸைக் கடல் திருப்பித் தரவேயில்லை. ஒரு வருசம் முடிந்தபோது கோயிலில் அவன் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பூசை முடிந்து சனங்கள் தங்கள் ஆட்களின் கல்லறைகளைப் பார்க்கச் சேமக்காலைக்கு நடந்தார்கள். அவளும் கூடவே நடந்தாள். வாசலில் வந்துதான் உள்ளே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். கைருன்னிசாவுக்குச் சிலாவத்துறையில் போய் நிற்க மகனின் கபுறு ஒன்று இருக்கிறது என்று நினைத்தாள். முதல்முறையாக நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. அது துக்கம் இல்லை, பொறாமை.