தம்பிக்காகக் கேட்ட மாப்பு

என் தம்பி பாயிஸை மில் பெல்ட் இழுத்துக்கொண்டபோது நான் பத்தடி தூரத்தில் அரிசி மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சட்டைக் கை போனது, பிறகு அவன் கை. நான் ஓடிப்போய் சுவிச்சை நிறுத்துவதற்குள் அவன் தலை இரும்புச் சக்கரத்தில் மூன்று தரம் மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் மவுத்தானான்.

அந்தப் பெல்ட்டுக்கு ஓர் இரும்பு மூடி உண்டு. எங்கள் அரிசியை வாங்கிப் பக்கற்றில் அடைத்து விற்கும் கொழும்புக் கொம்பனிதான் அதைச் செய்விக்கச் சொன்னது. ‘எங்கள் அரிசிக்காக உழைக்கும் ஒவ்வொருவருக்கும் நாங்கள் பொறுப்பு’ என்று மில் வாசலில் ஒரு பலகையும் அடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அறுவடைக் காலத்தில் ஈர நெல் வந்தால் பெல்ட் வழுக்கும், ஓட ஓட மெழுகு தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தரமும் நிறுத்தி மூடியைக் கழற்றி மாட்ட முதலாளிக்குப் பொறுமை இல்லை, ‘கவனமா நிண்டா ஒண்டும் ஆகாது’ என்பார். ஆகவே மூடி ஸ்டோரில் கிடக்கும், கொழும்பிலிருந்து ஆள் வரும் நாளில் மட்டும் பெல்ட்டில் ஏறும். எல்லோருக்கும் தெரிந்த விசயம். நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

கல்முனைக்குடிப் பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன், வழக்கப்படி, குடும்பத்தில் ஒருவர் எழுந்து மவுத்தானவருக்காகச் சபையிடம் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். நல்லவர் கெட்டவர் என்று பார்ப்பதில்லை, அடக்கப் போகும் எல்லா மையத்துக்கும் கேட்பதுதான். வாப்பா இல்லாததால் நான் எழுந்தேன். முதலாளி ஜவுபர் ஹாஜியார் என் தோளைப் பிடித்துக் காதுக்குள் சொன்னார்.

“மில்லுல அவன் விட்ட பிழைக்கும் சேத்துக் கேளு மகன். கபுறுக்குப் போறவனுக்கு லேசாகும்.”

எனக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை. “என்ட தம்பி மில்லுல விட்ட பிழைக்கும் அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க” என்று அழுதுகொண்டே சொன்னேன். “செஞ்சிட்டன்” என்றார் ஹாஜியார், பள்ளி முழுக்கக் கேட்க. பெரிய மனுசன் என்று அவர் கையை முத்தமிட்டேன். வெட்கங்கெட்ட மடையன் நான்.

ஐந்தாம் நாள் கொம்பனியின் தொழிலாளர் நலன் அதிகாரி தக்சாயினி விசாரணைக்கு வந்தார். பெல்ட்டில் மூடி ஏறியிருந்தது. “அண்டைக்கு மூடி இருக்கல்ல மிஸ்” என்றேன். அவர் போனை நீட்டினார். பள்ளியில் யாரோ எடுத்த வீடியோவில் நான் அழுதுகொண்டு நின்றேன்.

“நீங்களே தம்பியின்ட பிழைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீங்களே” என்றார் தக்சாயினி. “மூடியைக் கழட்டினது அவர்தான் எண்டு முதலாளி சொல்றார்.”

“அது எல்லா மையத்துக்கும் கேக்கிற மாப்பு மிஸ்.”

“மில்லுல விட்ட பிழை எண்டு சொன்னது நீங்கதானே.”

அந்தப் பிள்ளைக்கு எங்கள் வழக்கம் தெரியாது, அவரில் குற்றமில்லை. ஹாஜியாருக்குத் தெரியும். நாற்பது வருசமாக முன் வரிசையில் நின்று கேட்டுவருகிற மனுசன்.

“சொல்வழி கேக்காதவன் மிஸ்” என்றார் பக்கத்தில் நின்ற ஹாஜியார். “என்ன செய்ய, நான் அப்பவே மாப்புச் செஞ்சிட்டன்.”

பக்கத்தில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்தேன். முதல் அடி அவர் வாயில் விழுந்தது, பல் தெறித்தது. அடுத்த அடிகளைப் பெல்ட் மூடியில் போட்டேன், அது பிய்ந்து விழுந்தது. சுவிச்சைப் போட்டு, அவரைக் கழுத்தில் பிடித்து இழுத்துப்போய், அவர் வலது கையைப் பெல்ட்டுக்கு நேரே நீட்டினேன்.

“கவனமா நிண்டா ஒண்டும் ஆகாதுதானே ஹாஜியார். வைங்க கைய.”

பெல்ட் அவருடைய இரண்டு விரல்களின் நகத்தைச் சதையோடு கொண்டுபோனது. இரத்தம் என் முகத்தில் அடித்தது. “மூடி இருக்கல்ல, நான்தான் கழட்டச் சொன்ன” என்று அலறினார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன், ஆனாலும் விடவில்லை. அவரைக் கொல்ல ஆசையாக இருந்தது. பாயிஸின் இடத்தில் வேலைக்கு வந்திருந்த காரைதீவு ரஜிதன் சுவிச்சை நிறுத்தி, மண்வெட்டிப் பிடியால் என் முதுகில் போட்ட பிறகுதான் என் பிடி விட்டது.

தக்சாயினி போனைப் பைக்குள் போட்டார். “அடிச்சு வாங்கின வாக்குமூலத்தை நான் எழுத ஏலாது” என்றார். அறிக்கையில் எழுதியது ‘வேலைத்தலத்தில் வன்முறை’ மட்டும். கொம்பனி எங்கள் மில்லைக் கைவிட்டு வேறொரு மில்லில் அரிசி எடுக்கிறது. ரஜிதனுக்கு இப்போது அங்கேதான் வேலை. அங்கே மூடியே கிடையாதாம்.

பொலிஸ் பிடித்துப்போக, இரண்டு கிழமை மறியல் சிறையில் கிடந்து பிணையில் வந்தேன். தம்பியின் மனைவி ஸுஹைறா புருசனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் இருந்தாள், திரைக்குப் பின்னால் இருந்துதான் கதைத்தாள்.

“அவர்ற வாயாலயே சொல்ல வெச்சிட்டன்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அத ஆரு காதால கேட்ட?”

“மில்லுல நிண்ட ஆக்கள்.”

“நீங்க பிழை எண்டு சொன்னத ஊர் முழுக்கக் கேட்ட மச்சான். உங்கட வாப்பாதானே பிழை விட்ட எண்டு என்ட புள்ளையளுக்கிட்டச் சொல்றாங்க. ஹாஜியார்ற விரலக் கிழிச்சா அது மாறுமா?”

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் எழுந்து நின்றேன். முன் வரிசையில் ஹாஜியார் கட்டுப் போட்ட கையோடு இருந்தார். அவருடைய மருமகன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, வாயில் ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து இரத்தம் தாடியில் வழிந்தது. நான் உட்காரவில்லை.

“என்ட தம்பி ஒரு பிழையும் விடல்ல” என்றேன். “அவனுக்காக மில்லுப் பிழை எண்டு நான் கேட்ட மாப்பத் திருப்பி எடுக்கிறன். மூடி இல்லாத பெல்ட்டுல அவன் வேல செய்யக்குள்ள பத்தடியில பாத்துக்கிட்டு வாயப் பொத்தினவன் நான். மாப்பு எனக்குத்தான் வேணும். செய்ங்க.”

“செஞ்சிட்டன்” என்று ஒரு குரலும் வரவில்லை.